பின்பாரமும் முறுக்கிய இறக்கையும்: ஹவாய் ஸ்கைடைவிங் விமான விபத்து, 2019

ஹவாயின் ஓவாஹு தீவில், வடக்குக் கடற்கரையை ஒட்டி மொகுலேயா என்று ஓர் இடம். ஒரு பக்கம் வையனாயே மலைத்தொடர், மறுபக்கம் பசிபிக் கடல், நடுவே ஒடுங்கலான சமவெளி. அதில்தான் டில்லிங்ஹாம் விமானத்தளம் இருக்கிறது. அமெரிக்க ராணுவத்துக்குச் சொந்தமான இடம், மாநில அரசு குத்தகைக்கு எடுத்து நடத்துகிறது. கட்டுப்பாட்டுக் கோபுரம் கிடையாது. ஒரே ஓடுபாதை. பெரிய விமானங்கள் வருவதில்லை. கிளைடர் ஓட்டுபவர்களும் வானிலிருந்து குதிக்க வருபவர்களும்தான் அங்கே அதிகம்.

2019 ஜூன் 21, வெள்ளிக்கிழமை. மாலை 6:22 அளவில் அங்கிருந்து கிளம்பிய இரட்டை எஞ்சின் விமானம் ஒன்று, தரையை விட்டு எழும்பிய சில நொடிகளில் இடப்பக்கம் சாய்ந்து, கவிழ்ந்து, விமானத்தளத்தின் வேலி ஓரத்தில் தலைகுப்புற விழுந்து எரிந்தது. உள்ளே இருந்த 11 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. முதல் நாள் செய்திகளில் 9 பேர் என்றே வந்தது, மறுநாள்தான் 11 ஆனது.

சிறிய விமான விபத்துகள் பெரும்பாலும் இரண்டு பத்திச் செய்தியோடு முடிந்துவிடும். "எஞ்சின் கோளாறா?" என்று ஒரு கேள்வி, "விசாரணை நடக்கிறது" என்று ஒரு வரி, அவ்வளவுதான். விசாரணை முடிந்து அறிக்கை வரும்போது படிக்க ஆள் இருப்பதில்லை. இந்த விபத்தின் அறிக்கையைக் கட்டாயம் படிக்க வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம், அதில் எஞ்சின் கோளாறு எதுவும் இல்லை. வானிலையும் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்த விமானத்தில் ஏதோ சரியில்லை என்பதற்கான அடையாளம் மூன்று வருடமாக விமானி உட்காரும் இடத்திலேயே இருந்தது. அதற்குப் பழகிக்கொண்டு விமானத்தை ஓட்டிக்கொண்டே இருந்தார்கள்.

அன்று மாலை

விமானம் பீச்கிராஃப்ட் கிங் ஏர் 65-ஏ90. 1967இல் தயாரானது. அப்போதே 50 வயது தாண்டியது என்றாலும் அதை வைத்து மட்டும் குறை சொல்ல முடியாது. ஒழுங்காகப் பராமரித்தால் இந்த வகை விமானம் இன்னும் பல வருடம் பறக்கும். ஓட்டியது ஓவாஹு பாராசூட் சென்டர் என்ற நிறுவனம். அன்றைக்குத் திட்டமிட்ட ஐந்து பயணங்களில் இது நான்காவது.

ஏறியவர்கள் யார் யார் என்று பார்ப்போம். விமானி ஒருவர். டேண்டம் குதிப்புக்கு வந்த வாடிக்கையாளர்கள் மூவர், அவர்களைத் தன் உடம்போடு கட்டிக்கொண்டு குதிக்கும் பயிற்றுநர்கள் மூவர். குதிப்பதைப் படம் பிடிக்கும் கேமராக்காரர்கள் இருவர். அப்புறம், தனியாகக் குதிக்கும் அனுபவசாலிகள் இருவர். இந்தக் கடைசி இருவரும் முதலில் பட்டியலில் இல்லை. விமானத்துக்கு எரிபொருள் நிரப்பிய பிறகு, நாங்களும் வருகிறோம் என்று சேர்ந்துகொண்டவர்கள்.

விமானம் மேற்கு முனைக்கு உருண்டு போய், கிழக்கு நோக்கித் திரும்பி, ஓட ஆரம்பித்தது. அந்த நிறுவனத்திலேயே வேலை பார்த்த ஒரு பயிற்றுநர் தரையில் நின்று கவனித்துக்கொண்டிருந்தார். எஞ்சின் சத்தம் வழக்கம்போல முழு வேகத்தில்தான் கேட்டது என்று பின்னால் விசாரணையாளர்களிடம் சொன்னார். விமானம் அவர் கண்ணில் பட்டபோது தரையிலிருந்து 150 முதல் 200 அடி உயரத்தில் இருந்தது. நம் ஊர்க் கணக்கில் பதினைந்து, இருபது மாடி உயரம். ஆனால் அவர் பார்த்தது விமானத்தின் மூக்கையோ பக்கவாட்டையோ அல்ல. அதன் வயிற்றுப் பக்கத்தை. கூரைப் பக்கம் வடக்கே, கடலைப் பார்த்துத் திரும்பியிருந்தது. எழும்பிக்கொண்டிருக்க வேண்டிய விமானம் ஏறக்குறையப் பக்கவாட்டில் படுத்துவிட்டது என்று அர்த்தம். அடுத்த கணம் மூக்கு கீழே திரும்ப, நெருப்புப் பந்து எழுந்தது.

விமானத்தளத்தின் கண்காணிப்பு கேமரா ஒன்றில் கடைசி நொடி பதிவாகியிருந்தது. தரையில் மோதுவதற்குச் சற்று முன்பு விமானம் தலைகீழாக, மூக்கு 45 பாகை கீழ்நோக்கி இருந்தது. இந்த ரகச் சிறு விமானத்தில் கறுப்புப் பெட்டி வைக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, வைக்கவும் இல்லை. ஆகவே இந்த ஒரு துண்டுப் பதிவும், சாட்சிகள் சொன்னதும், எரிந்து கிடந்த உலோகமும்தான் விசாரணைக்கு மூலதனம்.

பத்து நொடியில் நடந்தது என்ன?

அமெரிக்காவில் விமான விபத்துகளை ஆராய்வது தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம். சுருக்கமாக என்டிஎஸ்பி. அவர்கள் எஞ்சின்களையும் புரொப்பெல்லர்களையும் பிரித்துப் பார்த்தார்கள். மோதுவதற்கு முன் பழுதாகியிருந்ததற்கான தடயம் இல்லை. இரண்டு எஞ்சினும் வேலை செய்துகொண்டுதான் இருந்தன. அப்படியானால் ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினோடு ஒரு விமானம் ஏன் கவிழ வேண்டும்?

வாரியம் 2022இல் வெளியிட்ட இறுதி முடிவின் முதல் வரி இதற்குப் பதில் சொல்கிறது. விமானி ஆவேசமாக விமானத்தை எழுப்பித் திருப்பியதால் வேகம் இருந்தும் இறக்கை ஸ்டால் ஆனது, மீட்க உயரம் போதவில்லை.

ஸ்டால் என்றால் எஞ்சின் நிற்பது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். கார் ஓட்டிப் பழகியதால் வரும் குழப்பம். விமானத்தில் ஸ்டால் ஆவது இறக்கை. பேருந்து ஜன்னல் வழியே கையை நீட்டி, உள்ளங்கையைக் கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்த்தால் காற்று கையை மேலே தூக்கும். சாய்வைக் கூட்டக் கூட்டத் தூக்கலும் கூடும். ஓர் அளவுக்கு மேல் சாய்த்துவிட்டால் தூக்கல் போய்விடும், கை வெறுமனே பின்னால் தள்ளப்படும், நடுங்கும். இறக்கைக்கும் அதே கதைதான். காற்றை எதிர்கொள்ளும் கோணம் எல்லை தாண்டினால், மேல்பரப்பை ஒட்டி ஓடிவரும் காற்று பிய்ந்துபோகும். இறக்கை தாங்குவதை நிறுத்திவிடும்.

சரி, இதில் வேகம் எங்கே வருகிறது? தண்ணீர் நிறைந்த வாளியைக் கையில் பிடித்துச் சுழற்றிப் பாருங்கள். தண்ணீர் கூடவில்லை, ஆனால் வாளி கனக்கும். விமானத்தைச் சட்டென்று மேல்நோக்கி இழுத்தாலும், செங்குத்தாகச் சாய்த்துத் திருப்பினாலும் அப்படித்தான். விமானத்தின் எடை அதேதான், ஆனால் இறக்கை சுமக்கும் பாரம் ஏறிவிடும். உயரம் குறையாமல் 60 பாகை சாய்ந்து திரும்பும் விமானத்தின் இறக்கை இரண்டு மடங்கு பாரத்தைச் சுமக்கிறது. அந்தப் பாரத்தில், நேராகப் பறக்கும்போது 100 மைலில் ஸ்டால் ஆகிற விமானம் 141 மைலிலேயே ஸ்டால் ஆகிவிடும். "நல்ல வேகத்தில்தானே போகிறோம்" என்று விமானி நினைத்துக்கொண்டிருக்கும்போதே இறக்கை கைவிட்டுவிடும். இதை முடுக்க ஸ்டால் என்று சொல்லலாம்.

இதிலிருந்து மீள்வது எப்படி என்று பயிற்சியில் எல்லா விமானிக்கும் சொல்லித்தருவார்கள். மூக்கைத் தாழ்த்து, சாய்வை நேராக்கு, வேகம் வந்ததும் மெல்ல எழுப்பு. 5,000 அடியில் இது சாதாரணப் பயிற்சி. 200 அடியில் மூக்கைத் தாழ்த்தினால் முன்னால் இருப்பது தரை மட்டும்தான்.

இதோடு நிறுத்தியிருந்தால் "விமானி தவறு" என்று கோப்பை மூடியிருக்கலாம். வாரியம் நிறுத்தவில்லை. முடிவோடு சேர்த்து, உடந்தையான காரணங்கள் என்று மூன்றைச் சொன்னது. எனக்கு முக்கியமாகப் படுவது அவைதான்.

பின்பாரம்

மாட்டுவண்டியில் மூட்டை ஏற்றுபவர்களுக்குத் தெரியும், முன்பாரம் பின்பாரம் என்று பார்த்துத்தான் அடுக்குவார்கள். பின்பாரம் ஏறினால் நுகத்தடி மேலே தூக்கும், மாட்டின் கழுத்தில் கயிறு இறுக்கும், ஒரு சின்னப் பள்ளத்தில் வண்டி பின்னால் சாய்ந்துவிடும். விமானத்துக்கும் முன்பாரம் பின்பாரம் உண்டு. ஈர்ப்பு மையம் இந்த அளவுக்கு முன்னால் போகலாம், இந்த அளவுக்குப் பின்னால் போகலாம் என்று ஒவ்வொரு ரகத்துக்கும் எல்லை குறித்திருப்பார்கள்.

மையம் பின்னால் போகப் போக விமானத்தின் மூக்கு லேசாகிவிடும். முன்பு அழுத்தி இழுக்க வேண்டியிருந்த கட்டுப்பாட்டுக் கைப்பிடி, இப்போது தொட்டால் போதும் என்று ஆகிவிடும். விமானி வழக்கமான பலத்தில் இழுத்தால் மூக்கு எதிர்பார்த்ததைவிட அதிகமாக எகிறும். ஸ்டால் சீக்கிரம் வரும், மீள்வதும் கடினமாகும்.

ஸ்கைடைவிங் விமானத்தின் உட்புறத்தைப் பார்த்தவர்களுக்கு இதில் என்ன சிக்கல் என்று உடனே புரியும். பயணிகள் இருக்கைகளைக் கழற்றிவிட்டிருப்பார்கள். பாராசூட் மூட்டையைச் சுமந்தவர்கள் தரையிலோ நீளப் பலகையிலோ, ஒருவர் முழங்காலுக்கு நடுவே இன்னொருவராக, பெரும்பாலும் பின்பக்கம் பார்த்து, ரயில்பெட்டிபோலக் கோத்து உட்கார்ந்திருப்பார்கள். கதவு பின்னால் இருக்கும். முதலில் குதிப்பவர்கள் கதவை ஒட்டி உட்காருவார்கள். ஒவ்வொருவரும் யார், எவ்வளவு எடை, எங்கே உட்கார்ந்தார் என்பதைப் பொறுத்துப் பாரம் மாறும். பேருந்தில் இருக்கை எண் போட்டிருப்பதுபோல இங்கே எதுவும் கிடையாது.

மொகுலேயாவில் விமானம் பின்பார எல்லையை ஒட்டி இருந்தது என்று வாரியம் கணக்கிட்டது. எல்லையை ஒட்டிய நிலையில் இந்த விமானம் எப்படி நடந்துகொள்ளும் என்பதில் அந்த விமானிக்குப் பயிற்சியும் இல்லை, அனுபவமும் இல்லை என்பதையும் சேர்த்தே சொன்னது.

அவருடைய பயிற்சி வரலாற்றையும் தோண்டிப் பார்த்தார்கள். தனியார் விமானி உரிமம், கருவி வழிப் பறத்தல், வணிக விமானி உரிமம் என மூன்று தேர்விலும் முதல் முயற்சியில் தோற்றவர். அவருக்குக் கற்றுக்கொடுத்த பயிற்றுநரிடம் படித்தவர்களில் தேறாதவர்கள் மிக அதிகம். அதைக் கண்டுபிடித்து அந்தப் பயிற்றுநரைக் கண்காணிக்க அரசிடம் ஏற்பாடு எதுவும் இருக்கவில்லை. தேர்வில் தோற்பது குற்றமில்லை, தோற்றுத் தேறிய நல்ல விமானிகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் ஒரே வாத்தியாரிடம் படிக்கும் பிள்ளைகள் வரிசையாகத் தோற்றால் யாராவது ஒருவர் போய் வகுப்பைப் பார்க்க வேண்டாமா? வாரியம் கேட்டதும் அதைத்தான்.

இன்னொரு விஷயம். கிங் ஏர் போன்ற 5,670 கிலோவுக்குக் குறைவான விமானங்களுக்கு, அந்த ரகத்துக்கென்று தனி உரிமம் வாங்க வேண்டியதில்லை. இரட்டை எஞ்சின் வணிக உரிமமும், பயிற்றுநர் தரவேண்டிய சில ஒப்புதல் கையொப்பங்களும் இருந்தால் போதும்.

முறுக்கிய இறக்கை

இப்போது மூன்று வருடம் பின்னால் போக வேண்டும்.

2016 ஜூலை 23, கலிஃபோர்னியா மாநிலம் பைரன். இதே விமானம். அப்போதும் ஸ்கைடைவிங்தான். குதிக்கும் உயரத்துக்கு ஏறிய பிறகு, இறங்கவேண்டிய இடத்துக்கு நேராகத் திருப்பும்போது விமானம் ஸ்டால் ஆகிச் சுழல ஆரம்பித்தது. உள்ளே இருந்த குதிப்பாளர்கள் எல்லோரும் வெளியே பாய்ந்து பாராசூட்டில் பத்திரமாக இறங்கிவிட்டார்கள். விமானம் மறுபடி மறுபடி சுழன்றது. அந்தச் சுழற்சியிலிருந்து மீட்கும் இழுவையில் வாலின் வலப்பக்கக் கிடைநிலைப் பகுதி, எலிவேட்டர் என்ற, மூக்கை ஏற்றி இறக்க உதவும் அசையும் பலகையோடு சேர்ந்து, முறிந்து பறந்துபோனது. பாதி வாலோடு விமானி அதைத் தரையிறக்கினார். யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. போதிய வேகம் இல்லாமல் அதிகமாகச் சாய்த்ததுதான் காரணம் என்று அப்போது வாரியம் முடிவு செய்தது. அங்கேயும் பின்பாரம் பேசப்பட்டது.

ஒரு விமானத்தின் வால் முறிந்து விழும் அளவுக்கு விசை பாய்ந்திருக்கிறது என்றால், மற்ற பாகங்கள் மட்டும் சும்மாவா இருந்திருக்கும்? வாலைச் சரிசெய்தார்கள். விமானம் மறுபடி பறக்கத் தயாரானது. கை மாறி, கடல் கடந்து ஹவாய் வந்தது. ஆனால் அதன் இடது இறக்கை முறுக்கிக்கொண்டிருந்தது.

இறக்கை முறுக்கியிருந்தால் என்ன ஆகும்? இறக்கையை வடிவமைப்பவர்கள் உடம்புப் பக்கத்திலிருந்து நுனிவரை ஒவ்வோர் இடத்திலும் இத்தனை பாகை கோணம் என்று கணக்குப் பார்த்து அமைக்கிறார்கள். ஸ்டால் வரும்போது முதலில் உட்பக்கம் வரட்டும், நுனி கடைசிவரை பிடித்துக்கொண்டிருக்கட்டும், அப்போதுதான் விமானம் பக்கவாட்டில் உருளாது என்பது அந்தக் கணக்கின் நோக்கம். இறக்கை முறுக்கினால் அந்தக் கணக்கு கலைந்துவிடும். ஸ்டால் ஆவதற்கு முன்பு கையில் இருக்கும் இடைவெளி சுருங்கும். ஒரு பக்க இறக்கை மட்டும் முறுக்கியிருந்தால், இரண்டில் அது முதலில் கைவிடும், விமானம் அந்தப் பக்கம் சரியும்.

முறுக்கிய இறக்கை கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. ஆனால் விமானியின் கைக்குத் தெரியும். ஒரு பக்க இறக்கை இன்னொன்றைவிட அதிகம் தூக்கினால் விமானம் நேராகப் போகாது, ஒரு பக்கமாக உருளப் பார்க்கும். அதைச் சமன்செய்ய ஐலரான் ட்ரிம் என்று ஒரு சின்னத் திருகுச் சக்கரம் விமானி பக்கத்தில் இருக்கிறது. சாதாரணமாக அது நடுவில், அல்லது நடுவுக்குக் கொஞ்சம் அங்குமிங்கும் இருக்கும். இந்த விமானத்தில் நேராகப் பறக்க அதைக் கடைசி எல்லைவரை திருக வேண்டியிருந்தது.

எனக்கு இந்த அறிக்கையில் மனதை விட்டுப் போகாத இடம் இதுதான். அந்தச் சக்கரத்தை ஒவ்வொரு முறையும் ஒரு கை திருகியிருக்கிறது. நம் வீட்டு சைக்கிளில் ஹேண்டில்பார் கோணலாக இருந்தால் இரண்டு நாளில் கோணலாகப் பிடித்தே ஓட்டப் பழகிவிடுவோம், மூன்றாவது நாள் கோணல் இருப்பதே மறந்துவிடும். வேறு யாராவது ஏறி ஓட்டிவிட்டு "என்ன இது, ஒரு பக்கமா இழுக்குது?" என்று கேட்டால்தான் நினைவு வரும். இந்த விமானத்திலும் அப்படித்தான் நடந்திருக்கிறது. சக்கரத்தைக் கடைசிவரை திருகினால் நேராகப் போகிறது, அப்புறம் என்ன? ஏன் திருக வேண்டியிருக்கிறது என்ற கேள்வி எழுந்து, இறக்கையின் கோணத்தை யாராவது அளந்து பார்த்திருந்தால், அந்த இறக்கை 2019 ஜூனில் பறந்திருக்காது. விமானத்தைப் பறக்கத் தகுந்த நிலையில் வைத்திருக்கத் தவறியது, முறுக்கிய இடது இறக்கையைக் கண்டுபிடித்துச் சரிசெய்யத் தவறியது என்று நிறுவனத்தின் மீதும், அது ஒப்பந்தத்தில் வைத்திருந்த மெக்கானிக் மீதும் வாரியம் வெளிப்படையாகவே பொறுப்பைச் சாட்டியது.

விமானியின் ஆவேசத் திருப்பத்தையும் இதனோடு வைத்துப் பார்க்க வேண்டும். சரியான இறக்கை உள்ள விமானத்தில், நடுவில் பாரம் வைத்து, அதே திருப்பத்தைச் செய்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் பிழைப்பதற்கான இடைவெளியைப் பின்பாரம் கொஞ்சம் தின்றது, முறுக்கு கொஞ்சம் தின்றது. மிச்சத்தை அவர் கையே தின்றுவிட்டது.

யார் பார்த்துக்கொள்ள வேண்டியது?

மூன்றாவது உடந்தைக் காரணம் காகிதத்தில் இருக்கிறது. ஸ்கைடைவிங் விமானங்களைக் கண்காணிக்க அரசு வைத்திருந்த விதிகள் போதவில்லை என்பதுதான் அது. வாசகர்கள் பலர் இந்த இடத்தில் தாவிப் போய்விடுவார்கள், தயவுசெய்து படியுங்கள்.

அமெரிக்காவில் காசு வாங்கிக்கொண்டு ஆட்களை ஏற்றிச் செல்லும் சிறு விமானங்களுக்கு, விதிப் புத்தகத்தில் பகுதி 135 என்று ஒரு கண்டிப்பான தொகுப்பு இருக்கிறது. விமானிக்கு என்ன பயிற்சி, எத்தனை மாதத்துக்கு ஒரு சோதனை, பராமரிப்பை யார் எப்படிப் பதிவு செய்வது, ஆய்வாளர் எப்போது வந்து பார்ப்பது என்று எல்லாம் அதில் வரும். சொந்த விமானத்தைச் சொந்த வேலைக்கு ஓட்டுபவருக்கு அது தேவையில்லை. அவருக்குப் பகுதி 91 என்ற எளிய தொகுப்பு போதும்.

ஸ்கைடைவிங் எதில் வரும்? காசு வாங்குகிறார்கள், ஆட்களை ஏற்றுகிறார்கள். ஆனாலும் அது பகுதி 91இல்தான் வருகிறது. கிளம்பிய விமானத்தளத்திலிருந்து 25 மைல் தொலைவுக்குள், இடையில் எங்கும் இறங்காமல், குதிப்பதற்காக மட்டும் பறந்தால் விதிவிலக்கு உண்டு. ஒரு காலத்தில் நாலு நண்பர்கள் சேர்ந்து செஸ்னா என்ற சிறு விமானம் ஒன்றை வாடகைக்கு எடுத்துக் குதித்ததற்கு இந்த விலக்கு பொருத்தமாக இருந்திருக்கலாம். இன்றைக்கு நிலைமை வேறு. சுற்றுலா வந்தவர் பணம் கட்டி, உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு, வாழ்க்கையில் முதன்முறையாக ஏறுகிறார். அவர் குதிப்பின் ஆபத்துக்குத்தான் கையெழுத்துப் போடுகிறார். முறுக்கிய இறக்கைக்கு அல்ல.

இது யாருக்கும் தெரியாத ஓட்டையும் அல்ல. 2008இலேயே இதே வாரியம் ஸ்கைடைவிங் விமானங்களைப் பற்றித் தனியாக ஒரு சிறப்பு ஆய்வு வெளியிட்டது. 1980இலிருந்து 32 விபத்துகளை எடுத்துப் பார்த்தார்கள். 172 பேர் செத்திருந்தார்கள், பெரும்பாலோர் குதிக்க ஏறியவர்கள். பாராசூட் விரியாமல் இறந்தவர்கள் இந்தக் கணக்கில் இல்லை, இது விமான விபத்தில் போனவர்கள் கணக்கு. அந்த ஆய்வு கண்ட குறைகள் மூன்று. சரியில்லாத பராமரிப்பு, போதாத விமானிப் பயிற்சி, அரசின் கண்காணிப்பு இன்மை. விமானத் துறையை நிர்வகிக்கும் எஃப்ஏஏவுக்குப் பரிந்துரைகள் போயின. ஆலோசனைச் சுற்றறிக்கைகள் வந்தன. கட்டாய விதியாக மாற வேண்டியவை மாறவில்லை.

அப்புறம் 11 வருடம் கழித்து, மொகுலேயாவில், அதே மூன்று குறைகளும் ஒரே விமானத்தில் ஏறி உட்கார்ந்திருந்தன. சம்பவ இடத்துக்கு வந்த வாரிய உறுப்பினர் ஜெனிஃபர் ஹோமண்டி, அப்போதே இந்தப் பழைய பரிந்துரைகளை நினைவுபடுத்தினார்.

2021 மார்ச்சில் வாரியம் இன்னும் அகலமாக ஓர் அறிக்கை கொண்டுவந்தது. காசு கொடுத்து ஏறும் பயணிகளைப் பகுதி 91இல் ஏற்றிப் போகும் எல்லாத் தொழில்களையும் சேர்த்துப் பேசியது அது. மொகுலேயாவுக்குச் சில மாதம் கழித்து, 2019 அக்டோபரில் கனெக்டிகட் மாநிலத்தில் இரண்டாம் உலகப் போர்க்கால பி-17 குண்டுவீச்சு விமானம் ஒன்று சுற்றுலாப் பயணிகளோடு விழுந்து 7 பேர் இறந்தார்கள். ஏறியவர்கள் காசு கொடுத்த பயணிகள், பொருந்தும் விதிகளோ சொந்த விமானக்காரருக்கானவை. அங்கேயும் இதே சிக்கல்.

வேறு இடங்களில்

மொகுலேயாவை மட்டும் வைத்துப் பேசினால் ஒரே ஒரு மோசமான நிறுவனத்தின் கதை என்று தோன்றிவிடும். அதனால் இன்னும் சிலவற்றைச் சொல்கிறேன்.

1992 ஏப்ரல் 22, கலிஃபோர்னியாவின் பெரிஸ் பள்ளத்தாக்கு. ட்வின் ஆட்டர் விமானம், 22 பேர். எழும்பியதும் வலது எஞ்சின் நின்றது, எரிபொருளில் கலப்படம். பதற்றத்தில், நின்றுபோன எஞ்சினுக்குப் பதிலாக ஓடிக்கொண்டிருந்த எஞ்சினின் புரொப்பெல்லரை முடக்கிவிட்டார்கள். 16 பேர் போனார்கள். 2006 ஜூலை 29, மிசூரி மாநிலம் சலிவன். மறுபடி ட்வின் ஆட்டர், மறுபடி கிளம்பியவுடன் வலது எஞ்சின். டர்பைன் தகடுகள் முறிந்துவிட்டன. ஒற்றை எஞ்சினில் வேகத்தைப் பிடித்துவைக்க முடியவில்லை. 8 பேரில் 6 பேர் இறந்தார்கள். உள்ளே இருந்தவர்களைச் சரியாகக் கட்டிப்போட வார் இல்லாதது காயங்களைக் கூட்டியது என்று அந்த அறிக்கை சொல்கிறது. இந்த விஷயம் முக்கியம். தரையில் குந்தி உட்கார்ந்திருப்பவர் கட்டப்படாமல் இருந்தால், மோதும்போது அவரே அடுத்தவர் மேல் விழும் பாறையாகிவிடுகிறார்.

மொகுலேயா நடந்து மூன்று வாரத்தில், 2019 ஜூலை 14 அன்று, சுவீடனின் உமேயோவில் ஒரு ஏர்வேன் விமானம் 9 பேரோடு விழுந்தது. அது கிளம்பும்போது அல்ல, குதிக்கும் உயரத்தில். குதிப்பாளர்கள் கதவை நோக்கி நகர நகரப் பாரம் பின்னால் போனது, வேகம் குறைவு, மேகம் வேறு. விமானம் கட்டுப்பாட்டை இழந்து கீழ்நோக்கிப் பாய்ந்து, அந்த வேகத்தில் இறக்கை முறிந்தது. இரண்டு வருடம் கழித்து அதே நாட்டில் ஓரெப்ரூவில், 2021 ஜூலை 8, ஒரு டர்போ பீவர் விமானம் கிளம்பிய சிறிது நேரத்தில் விழுந்தது. அதிலும் 9 பேர். எவரும் பிழைக்கவில்லை.

சுவீடனில் விதிகள் வேறு, கண்காணிப்பு முறை வேறு. ஆனால் உமேயோவில் நடந்ததைப் படிக்கும்போது மொகுலேயாவின் அதே பின்பாரம் கண்ணில் படுகிறது. ஒரு பயணிகள் விமானத்தில் யாரும் புறப்பாட்டின்போது எழுந்து கூட்டமாக வால்பக்கம் போவதில்லை. ஸ்கைடைவிங் விமானத்தில் அதுதான் வேலையே.

குதிக்கப் போகிறவர்களுக்கு

அமெரிக்காவுக்குப் படிக்கப் போன, வேலைக்குப் போன நம் பிள்ளைகள் பிறந்தநாளுக்கு டேண்டம் குதித்த வீடியோவைக் குடும்பக் குழுவில் போடுவது இப்போது சகஜமாகிவிட்டது. அம்மாக்கள் பயப்படுவது பாராசூட் விரியுமா என்று. அதற்கு இரண்டாவது பாராசூட் இருக்கிறது, குறிப்பிட்ட உயரத்தில் தானே விரியவைக்கும் கருவியும் இருக்கிறது. 200 அடியில் அது எதுவும் உதவாது. அந்த உயரத்தில் உங்களிடம் இருப்பது விமானமும் விமானியும் மட்டும்தான்.

போகாதே என்று நான் சொல்லவில்லை. போய்க் கேளுங்கள். விமானம் கிளம்பும்போதும் 1,000 அடி தாண்டும்வரையும் எல்லோருக்கும் வார் கட்டுவார்களா, கட்டினால் எதில் கட்டுவார்கள்? ஏறுபவர்களின் எடையை எழுதி, யார் எங்கே உட்கார வேண்டும் என்று சொல்வது யார்? கடைசி நேரத்தில் இரண்டு பேர் சேர்ந்தால் அந்தக் கணக்கை மறுபடி போடுவார்களா? இந்த விமானம் இதற்கு முன் எப்போதாவது பெரிய அடி வாங்கியிருக்கிறதா? அமெரிக்க விமானம் என்றால் வாலில் எழுதியிருக்கும் பதிவு எண்ணை வைத்து, என்டிஎஸ்பி விபத்துப் பதிவுகளில் நீங்களே தேடலாம், காசு கிடையாது. மொகுலேயா விமானத்தின் எண்ணை 2019இல் யாராவது தேடியிருந்தால், கலிஃபோர்னியாவில் பாதி வாலோடு தரையிறங்கிய கதை அங்கே இருந்திருக்கும்.

கவுண்டரில் இருப்பவர் இந்தக் கேள்விகளைக் கேட்டு முகம் சுளித்தால், கட்டிய முன்பணம் போனால் போகட்டும் என்று திரும்பி வந்துவிடுங்கள். நல்ல இடங்களில் சுளிக்க மாட்டார்கள். அவர்களே எடை மேடையைக் காட்டி, செருப்பைக் கழற்றிவிட்டு ஏறச் சொல்வார்கள்.